வீட்டில் பாதி

சமையலறைக் குழாயைக் கழற்றும்போது மெயின் வால்வை மூட பிளம்பர் மறந்துவிட்டார். அவருடைய இருபது வருட அனுபவம் முகத்திலேயே பீய்ச்சியடித்தது.

"ஊர்க் குழாயெல்லாம் சரி பண்றவரு, சொந்த வீட்டை மூழ்கடிக்கிறாரு!" என்றபடி வாளியை நீட்டினாள் தையல்காரி. பதினோரு வருடம், கல்யாணம் செய்துகொள்ளாமல் அவரோடு குடும்பம் நடத்தியவள். இன்றோடு பிரிகிறார்கள்.

வால்வை மூடிவிட்டு, ஈரச் சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சொந்த வீடுன்னு நீ சொல்றே. வக்கீல் என்னடான்னா, 'பத்திரம் அவங்க பேர்ல. நீங்க புருஷனும் இல்ல. நடையைக் கட்டுங்க'ங்கறாரு."

"அதுக்குக் குழாயைக் கழட்டுவீங்களா?"

"இதுக்கு ஒண்ணுக்குத்தான் என் பேர்ல பில்லு இருக்கு."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்திருப்பார், இனி எங்கே போய்ப் படுப்பது என்று தெரிந்திருந்தால்.

"சித்தாளு மாதிரி செங்கல் சுமந்து கட்டினேன். சுத்தி வளைக்காமச் சொல்லு. இதுல பாதி எனக்கு உண்டா, இல்லையா?"

"உண்டு. பாதி உங்களோடதுதான்."

கழற்றிய குழாயைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும், உனக்கு நல்ல மனசு."

"அந்தப் பாதியை நேத்தே எழுதிக் கொடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"ஜீவனாம்சக் கேஸ்ல, கோர்ட்ல நின்னு, 'எனக்குன்னு எதுவுமில்ல, இந்தம்மா வீட்ல வாடகைக்கு இருக்கேன்'னு சத்தியம் பண்ணீங்களே, அதைக் கேட்டுட்டு உங்க பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு வெறுங்கையோட போனாங்களே, உங்க சம்சாரம், அவங்களுக்கு."