நடுவில் வந்த துளி

கோயில் மதிலில் ஒரு மணற்கல் இருந்தது. மணற்கல் என்றால் வேறொன்றுமில்லை, மணல் துகள்கள் கையைக் கோத்துக்கொண்டு நிற்பதுதான். அதன் ஓரத்தில் இருந்த அக்கா மணலும் தங்கை மணலும் ஓயாமல் சண்டை போட்டார்கள்.

“என்னை நசுக்காதேக்கா.”

“நான் கையை விட்டால் நீ தெருவில் கிடப்பாய், மகாராணி!”

மழை பெய்தது. ஒரு துளி கல்லுக்குள் ஊறி வந்து இருவருக்கும் நடுவில் நின்றது.

“ஏம்மா சண்டை? ஆளுக்கொரு கையை என்னிடம் கொடுங்கள். இரண்டு பேரையும் நானே பிடித்துக்கொள்கிறேன்.”

இருவரும் ஒருவரையொருவர் விட்டுவிட்டுத் துளியைப் பிடித்துக்கொண்டார்கள். குளுகுளுவென்று இருந்தது.

“அவளைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லு” என்றாள் அக்கா.

“நானும் அதைத்தான் நினைத்தேன் என்று அவளிடம் சொல்லு” என்றாள் தங்கை.

துளி இரண்டையும் பணிவாகச் சொன்னது.

பல நாள் கழித்து வெயில் அடித்தது. “வரட்டுமா?” என்று கேட்டுவிட்டுத் துளி ஆவியாகப் போய்விட்டது.

அக்கா கையை நீட்டினாள். தங்கையும் நீட்டினாள். எட்டவில்லை. அந்நேரம் மதிலேறிய ஓர் எறும்பின் கால் பட்டு, தங்கை நழுவி விழுந்தாள்.

விழும்போது ஏதோ சொன்னாள். இடையில் ஆள் இல்லாமல் அவள் குரலைக் கேட்டு அக்காவுக்கு வெகுநாளாகியிருந்தது. என்ன சொன்னாள் என்று பிடிபடவில்லை.