மார்லிஸின் பூட்டு

குப்பையைக் கட்டாக இறுக்கி வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றும் இயந்திரம் அது. உள்ளே இறங்குபவர் முதலில் மெயின் சுவிட்சில் தன் பெயர் எழுதிய பூட்டைப் போட வேண்டும். வெளியே வந்து அவரே திறக்கும்வரை இயந்திரம் ஓடாது. கனடாவில், மனிடோபாவின் அந்தக் கிடங்கில் இதை யாரும் மீறியதில்லை.

சிக்கியிருந்த பிளாஸ்டிக்கை அறுத்தெடுத்துவிட்டு மார்லிஸ் வெளியே வந்தாள். தன் பூட்டைத் திறந்து பைக்குள் போட்டாள். சுவிட்சில் இன்னொரு பூட்டு தொங்கியது. அதிலும் அவள் பெயர்தான். அவள் சாவி அதற்குள்ளும் போனது. திருப்பத்தான் கை வரவில்லை.

"டுவெய்ன், இதக் கொஞ்சம் பாரேன்."

பக்கத்தில் நின்ற டுவெய்ன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. பூட்டைப் பார்த்தான். இயந்திரத்தின் வாய்க்குள் குனிந்தான்.

"தாயே, உள்ளயே குடித்தனம் பண்றியா? சீக்கிரம் வா மார்லிஸ், காபி ஆறுது!"

"இதோ வந்துட்டேன்," என்றது உள்ளேயிருந்து மார்லிஸின் குரல்.