பத்துமணிப் பூ நட்ட கபுறு

“எண்ட புள்ளட கபுறு எது காக்கா? அதுக்குப் பக்கத்துல போய் நில்லுங்க. நான் இஞ்ச இரிந்து பார்க்கிறன்.”

மையவாடியின் கம்பிக் கேற்றைப் பிடித்துக்கொண்டு நஸீறா வெளியே நின்றாள். இறந்தவர்களை அடக்கியிருக்கும் இடத்துக்குள் பெண்கள் வருவதில்லை. எங்கள் ஊர் வழக்கம் அது.

காலை பத்தரை மணி. உள்ளே மணலே தெரியவில்லை. கேற்றடியிலிருந்து வாவிக் கரை வரைக்கும் சிவப்புப் பத்துமணிப் பூ விரிந்து கிடந்தது.

அவ்வளவும் நான் நட்டது.

அவள் குவைத்தில் ஓர் அரபி வீட்டில் வேலை செய்கிறவள். இரண்டு வயது மகனை வாப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். போன ஐந்தாம் மாதம் பிள்ளை டெங்குவில் மௌத்தாகிவிட்டது. அந்த வீட்டில் லீவு கொடுக்கவில்லை. மூன்றரை வருடம் கழித்து இப்போதுதான் விட்டிருக்கிறார்கள்.

வந்தும் ஒரு மாதமாகிவிட்டதாம். மையவாடிப் பக்கம் வரக் கால் வரவில்லையாம். நாளைக்குத் திரும்பவும் குவைத்துக்குப் போகிறாள். வாப்பாவும் பிள்ளை போன அடுத்த வருடமே மௌத்து.

கைப்பேசியை எடுத்து, வாப்பா அப்போது அனுப்பிய குரலை எனக்குப் போட்டுக் காட்டினாள்.

“மகள், மீஸான் கட்டையக் கறையான் திண்டிரும். அதால செவத்தப் பத்துமணிப் பூ நட்டிரிக்கன். புள்ளையள்ற மூலையில வேற ஒரு கபுறுலயும் பூவில்ல. நீ வந்தா லேசாத் தெரியும்.”

பிள்ளைகளின் மூலையைத் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் மையவாடியில் கபுறைக் கட்டுவதுமில்லை, பெயர் எழுதுவதுமில்லை. தலைமாட்டில் ஒரு மீஸான் கட்டை, அவ்வளவுதான். அது உக்கிப் போனால் கபுறு யாருடையது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

நான் இந்த மையவாடியைப் பொறுப்பெடுத்து இரண்டு வருடம். முந்தின மாரியில் வாவி மணல் கரைந்து கபுறெல்லாம் மட்டமாகிக் கிடந்தது. பிள்ளைகளின் மூலையில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு இந்தச் செடி மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. தண்ணீர் ஊற்ற ஆளில்லை. உப்புக் காற்று வேறு. அப்படியும் பூத்திருந்ததைப் பார்த்து மலைத்துப் போனேன்.

சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? கிள்ளிக் கிள்ளி நட்டேன். கருவாடு மாதிரிக் காய்ந்து கிடந்த துண்டுகூட ஒரு மழைக்கு வேர் விட்டுவிட்டது. முதலில் அந்த மூலையில் மண் அணைத்து மேடுகளைத் திரும்ப எடுத்து நட்டேன், பிறகு முழு மையவாடியிலும். முதல் செடி எந்த மேட்டில் நின்றது என்று எனக்கே தெரியாமல் போனது.

ஜும்ஆவுக்கு வந்தவர்கள், “மாஷா அல்லாஹ், மர்சூக், நல்ல வேல செஞ்சிரிக்காய்” என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதை ஒரு மனிசன் தன் பேரனுக்கு அடையாளமாக வைத்தான் என்று எனக்கு ஏன் தோன்றாமல் போனது? செடி தானாக வந்தா கபுறின் நட்ட நடுவில் உட்காரும்? வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். கடிபட்டது அவள்.

“தெரியா புள்ள” என்று சொல்லிவிடலாம். உண்மை அதுதான். ஆனால் கம்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கபுறுகளுக்கு நடுவில் நின்று பொய் சொல்லவும் பயம்.

அந்த மூலையைப் பார்த்து நடந்தேன்.

பிள்ளைகளின் மூலையில் ஏழு சின்ன மேடுகள். ஏழும் சிவப்பு. ஏழிலும் ஒரு கட்டைகூட மிச்சமில்லை.

முதல் மேட்டருகே போகும்போதே அவள் மூச்சைப் பிடித்தாள். கேற்றிலிருந்து அது எனக்குக் கேட்காது என்று நீங்கள் சொல்வீர்கள். கேட்டது.

அதைத் தாண்டினேன். இரண்டாவதைத் தாண்டினேன். மூன்றாவதையும் நான்காவதையும் தாண்டினேன். யா அல்லாஹ், எங்கேயாவது நிற்கத்தானே வேண்டும்!

ஐந்தாவது மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“இதா காக்கா?”

தலையை ஆட்டினேன்.

அவள் கேற்றடியில், புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.  சத்தம் போட்டு அழுதாள். வீதியில் சைக்கிளில் போன ஒருவர் இறங்கி நின்றார். விஷயம் விளங்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உருட்டிக்கொண்டே போனார்.

நான் அசையவில்லை. அசைந்தால் அவளுக்கு இடம் பிசகிவிடும்.

நெடுநேரம் கைகளை ஏந்திக்கொண்டிருந்தாள். பிறகு முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வந்தபோது இருந்த முகமில்லை அது. பாரம் இறக்கிய முகம்.

“தனியாக் கிடக்கான் காக்கா. ஒவ்வொரு நாளும் இந்த இடத்துல நிண்டு ஒரு ஸலாம் சொல்லுங்க.”

“ஓம் புள்ள. சொல்றன்.”

அதில் பொய்யில்லை. பதினொரு வருடமாக ஸுபஹ் தொழுதுவிட்டு நான் வந்து ஸலாம் சொல்கிற இடம்தான் அது. அந்த மூலையில் உள்ளே கிடப்பது யார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த கபுறும் அது ஒன்றுதான்.

அவளுடைய ஓட்டோ சந்தியில் திரும்பும் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த மேட்டருகே குந்தி, என் மகள் ஸஹ்ராவிடம் மாப்புக் கேட்டேன்.