அரை மில்லி

பொழுதுபோக்குக்காகக் கார் ஷெட்டில் இரும்பு கடையும் மந்தைவெளி பஞ்சாட்சரம், நண்பர் ஹஸன் செத்ததும் அவருடைய லேத்தை வாங்கிக்கொண்டார். ஹஸன் கடைந்த எதுவும் அளவில் நின்றதில்லை. எல்லாமே அரை மில்லி குறைவு. "கண்ணு தெரியாதவன் கடைஞ்ச மாதிரி கீது" என்று பஞ்சாட்சரம் நாலு பேர் முன்னால் சிரித்திருக்கிறார்.

இப்போது கிரைண்டருக்கு அவரே கடைந்த தண்டு, இருபது மில்லி வரவேண்டியது, வெர்னியர் அளவுகோலில் பத்தொன்பதரை காட்டியது. உளியை மாற்றினார். மட்டம் பார்த்தார். ஐந்தாவது தண்டும் பத்தொன்பதரைதான்.

எரிச்சலோடு ஹஸனின் மனைவி ரூஹிக்கு போன் போட்டார். "உன் வூட்டுக்காரர்தான் தத்தின்னு பார்த்தா, மிஷினும் தத்தியாத்தான் கீதும்மா."

ரூஹி கோபப்படவில்லை. "அதுல எத்தினி நாளா வேலை செய்றீங்கண்ணா?"

"ஒரு மாசமா."

"போதும்ண்ணா. நிறுத்திடுங்க. சாகறப்ப அவரு பாதி ஆளாத்தான் இருந்தாரு."

"இந்தப் பொம்பளைக்கு இன்னா தெரியும்" என்று முனகியபடி போனை வைத்துவிட்டு ஆறாவது தண்டையும் கடைந்து முடித்தார். பிறகு குழாயடியில் எண்ணெய்க் கையைக் கழுவினார். முப்பது வருஷமாகச் சோப்பு போட்டு இழுத்தும் வராத கல்யாண மோதிரம், தானாகக் கழன்று தரையில் உருண்டது.

பஞ்சாட்சரம் அதைக் குனிந்து எடுக்கவில்லை. ஈரக்கையோடு ஷெட்டுக்குத் திரும்பி, வெர்னியரை எடுத்துப் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கினார்.