ஷெரிப்புக்குப் பக்கத்து நாற்காலி

நெவாடா பாலைவனத்தில் எல்லோரும் காலி செய்துபோன அந்தக் குட்டி ஊரில், இப்போது வைக்கோல் பொம்மைகள்தான் குடிமக்கள். இப்படி நாற்பது ஊர்களைப் பார்த்துவிட்ட சுற்றுலாப் பயணி வெண்டெல், சிறை வாசலில் இருந்த ஷெரிப்பின் மீசையை முறுக்கிவிட்டு, பக்கத்து நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அலற வைக்கத் திட்டம்.

இரண்டு பெண்கள் வந்தார்கள்.

"ஷெரிப் தத்ரூபமா இருக்காருடி!"

"பக்கத்துல இருக்கிறதுதான் சகிக்கல. வயித்துல இவ்ளோ வைக்கோலா அடைப்பாங்க? மூஞ்சியில உயிரே இல்ல."

அதற்குப் பிறகு வெண்டெலுக்கு வாயைத் திறக்க மனம் வரவில்லை. அவர்கள் போகும்வரை பொம்மையாகவே இருந்துவிட்டார்.

"மனசுல வச்சுக்காதீங்க சார்," என்றார் ஷெரிப், மீசையை நீவிச் சரிசெய்தபடி. "வேலைக்குச் சேர்ந்த புதுசுல என்னையும் இப்படித்தான் சொன்னாங்க."