ஒரே ஆள், பன்னிரண்டு மெஷின்

“வேலையை விடப்போறியாமே, ஏம்மா?”

மருத்துவமனை நிர்வாகியின் கேள்விக்குச் சுவாசச் சிகிச்சையாளர் சிரித்தாள்.

“ஒத்த ஆளா பன்னிரண்டு வென்டிலேட்டரைப் பாக்குறேன் சார். இன்னும் ரெண்டு பேர் வேணும்னு மனு குடுத்தா, ‘மெஷின்தானே மூச்சு விடுது, ஆளு எதுக்கு?’ன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. ஏற்கெனவே நாலு பேர் கும்பிடு போட்டுட்டுப் போயாச்சு.”

“தப்புதாம்மா. ஆளெடுக்கிறேன். நீ போகாதே.”

தள்ளி ஒரு மெஷின் அலறியது. ஓடிப்போய்ச் சரிசெய்துவிட்டுத் திரும்பினாள். பாவம், அதற்குள் அவர் முகம் வெளிறிவிட்டது.

“இங்கேதானே இருக்கேன், பயப்படாதீங்க” என்று, அவர் எழுதியெழுதிக் காட்டிக்கொண்டிருந்த சிலேட்டை வாங்கிக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். “ஒரு வாரமா தொண்டையில இருந்த குழாயை இப்போ எடுக்கப்போறேன். நல்லா இருமுங்க.”

இருமினார். குழாய் வெளியே வந்தது. கரகரத்த குரலில் அவர் பேசிய முதல் பேச்சு:

“அந்த மனு எங்கேம்மா?”