வெயிலில் வரும் இருட்டு

அல்சூர் ஏரிக்கரை மர நிழலைத் தாண்டி ஸ்கூட்டர் வெயிலுக்குள் நுழைந்ததுதான் தாமதம், சஞ்சய்க்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முன்னால் போன பஸ்ஸின் பிரேக் விளக்கு எரிகிறதா அணைந்ததா என்றே புரியவில்லை.

பின்னால் உட்கார்ந்திருப்பவள் மனைவி இளவேனில், மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறாள். ஒரு கையால் அவன் தோளைப் பிடித்தபடி மறுகையில் போனை நோண்டிக்கொண்டிருந்தாள்.

தட்டுத்தடுமாறி ஓரங்கட்டி, ஒரு மரத்தடியில் நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் எல்லாம் பழையபடி பளிச்சென்று தெரிந்தது.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல இளா. தூசு விழுந்திருச்சு."

இந்த வாரத்தில் இது நாலாவது தூசு. தனியாக ஆபீஸ் போகும்போது வராத சனியன், இவளை ஏற்றிக்கொண்டால் மட்டும் வந்து தொலைக்கிறது. பயமே இழுத்துக்கொண்டு வருகிறதோ என்னவோ.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நாமக்கல்லில் லாரி ஓட்டியவர், நாற்பத்தெட்டில் ஸ்டியரிங்கை விட்டார். ஐம்பதில் சோற்றுத் தட்டைத் தடவித் தேடினார்.

முதலில் சஞ்சய் புதுக் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டான். பவர் கண்ணாடிதான், ஆனால் போனில் ஒரு கோட்டை நகர்த்தினால் கூலிங் கிளாஸ் மாதிரி கறுக்கும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றார்கள். ஒரே மாதிரி ஃபிரேமில் தனக்கொன்று, இவளுக்கொன்று என்று இரண்டு வாங்கி, ஒரே மூச்சில் இருவர் போனிலும் இணைத்து வைத்தவனே அவன்தான். அவனுக்கு அந்தக் கறுப்பில் ஆசை இல்லை. அன்று பூஜ்யத்தில் விட்டது, இன்றும் அவன் போனில் பூஜ்யத்திலேயே நிற்கிறது. பிறகு கண்ணாடியைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

நேற்று இவளுக்குத் தெரியாமல் டாக்டர் சீதாலட்சுமியிடம் போனான். சொட்டு மருந்து விட்டு அரைமணி நேரம் பார்த்தார்.

"கண்ணுல ஒண்ணுமே இல்ல சஞ்சய். வந்து வந்து போகுதுன்னா நரம்பா இருக்கலாம். தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க."

கண் என்று போனவனைத் தலை என்று அனுப்பினால் எவனுக்குத் தூக்கம் வரும்?

அவன் வண்டிச் சாவியை உருவிக்கொண்டான். "வண்டி இங்கயே கிடக்கட்டும். ஆட்டோல போயிடலாம்."

"பிரேசர் டவுனுக்கா? அஞ்சு நிமிஷம்தானேங்க."

"சொன்னா கேளேன் இளா." அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

கண்ணாடி வாங்கிய கடைக்குத்தான் போகிறார்கள். தன்னுடையதை மாற்ற வேண்டுமென்று காலையிலிருந்து அவள்தான் நச்சரித்தாள். ஃபிரேம் கலர் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தானே தவிர, ஏனென்று கேட்கும் நிலையில் அவன் இல்லை. என் கண்ணு போயிட்டிருக்கு இளா, குழந்தை முகத்தைப் பார்ப்பேனான்னு தெரியலை. ஆட்டோ போய்ச் சேரும்வரை இதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். வாயில்தான் வரவில்லை.

கடையில் ஜூலியா என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த பெண் சிரித்த முகமாக எழுந்தாள். "ஹேளி மேடம், சொல்லுங்க, என்ன ப்ராப்ளம்?"

இதற்குமேல் தாங்காது என்று சஞ்சய் மனைவியின் கையைப் பிடித்தான். "இளா, முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்." கண்ணில் நீர் முட்டியது.

"ஒரு நிமிஷம் இருங்க, இதை முடிச்சிடறேன்." அவள் தன் கண்ணாடியைக் கழற்றி ஜூலியா முன்னால் வைத்தாள்.

"வெயில் வர்றப்பல்லாம் போன்ல கறுப்பைக் கூட்டிக் கூட்டிப் பாக்கறேன், இது கறுக்கவே மாட்டேங்குதுங்க."